மூன்று கிளித் தகடு

ஆகஸ்ட் 6, 2023, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பீர் மைதீன் பாய் போன் செய்தார். மேலப்பாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். "அண்ணாச்சி, ஒங்க கிளி மாட்டிக்கிட்டு" என்றார். மூன்றும் இருக்கிறதா என்று கேட்டேன். மூன்றும் இருக்கிறது என்றார். பல்கூடத் தேய்க்காமல் வண்டியை எடுத்தேன்.

செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு செங்கல் சூளை. அங்கே தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது. முப்பது வருடமாகப் பார்க்கிற பழைய சாமான்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்த எனாமல் தகடு. மூன்றடிக்கு இரண்டடி. மஞ்சள் தரையில் மூன்று பச்சைக் கிளிகள், நீல எழுத்தில் 'மூன்று கிளி தேயிலை, எங்கும் கிடைக்கும்'. இடது மேல்மூலை மட்டும் வெட்டியிருக்கிறது. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த சுப்பையாக் கோனார், நிலையில் இடிக்கிறது என்று அந்த மூலையை வெட்டித்தான் மாட்டியிருந்தார். அதனால் அதே மாதிரித் தகடு அல்ல, அதே தகடுதான்.

ஒரு தகட்டை எடுத்தால் அதே அளவுக்கு அந்த இடத்தில் புதுத் தகரம் போட்டுவிட்டு வருவது என் வழக்கம். இந்தத் தகடுகள் சும்மா மாட்டியிருப்பதில்லை. ஆட்டுக்கிடைக்குக் கதவாக, குளியலறைக்கு மறைப்பாக, எதற்காவது உழைத்துக்கொண்டிருக்கும். உருவிக்கொண்டு வந்தால் அவர்கள் வீட்டில் ஓட்டை. எனவே அளவு எடுத்து, பாளையங்கோட்டைக்குத் திரும்பித் தகரம் வெட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். சூளைக்காரர் சிரித்தார்.

"காலையில பச்சத்தண்ணி குடிக்காம இந்தத் தகரத்துக்கா போனிய?" என்றாள் செண்பகம். என் மனைவிக்கு நூற்று முப்பத்தேழு தகடுகளும் தகரம்தான். இரும்பின்மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியது எனாமல் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறேன். மொட்டைமாடிக் கொட்டகையில் சுவரே தெரியாமல் மாட்டி வைத்திருக்கிறேன், ஒருநாள்கூட ஏறி வந்து முழுதாகப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

தகடு எண் 138. மூன்று கிளி. சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவியது. பாசி போனது. நிறம் நன்றாக இருக்கிறது.

சில்லு பெயர்ந்த இடங்கள்: ஆணித் துளைகளைச் சுற்றி நான்கு. காரணம்: வாஷர் போடாமல் ஆணி அடித்தது. கீழ் விளிம்பில் ஏழு. காரணம்: தொட்டிமேல் இழுபட்டது. நடுக் கிளியின் வாலருகே ஒன்று. பெருவிரல் நகம் அளவு, வட்டம், நடுவில் இரும்பு தெரிகிறது, சுற்றிலும் படிப்படியாகக் கருப்பும் மஞ்சளும். காரணம்: தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, புதன்

வடிவு அக்கா கோவில்பட்டியிலிருந்து போன் செய்தாள். "ஏல நயினாரு, ஊசியில நூலு கோக்க முடியலடே. முந்தாநாளு வாசல்ல பால்காரரு நிக்காரு, நீன்னு நெனச்சு உள்ள வான்னுட்டேன்" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவுக்கு இருப்பது இடது கண் ஒன்றுதான். வலது கண் பதினாலு வயதில் போய்விட்டது. இப்போது அறுபத்து மூன்று. அத்தான் இறந்து ஆறு வருடமாகிறது, தனியாகத்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை திருநெல்வேலிக்கு வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கண் ஆஸ்பத்திரியில் ஐந்து மணி நேரம். டாக்டரம்மாவுக்கு வயது முப்பது இருக்கும், பேச்சில் அவசரம் இல்லை. புரை நன்றாக முற்றிக் கெட்டியாகிவிட்டதாம், ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். "சாதாரணமா இதுல பயப்பட ஒண்ணுமில்லம்மா. ஆனா உங்களுக்கு இருக்கறதே ஒரு கண்ணு. ஏதாவது ஆச்சுன்னா மாத்துக்கு இன்னொண்ணு இல்ல. அதனால சர்க்கரைய நல்லாக் கொறச்சிட்டு வாங்க, செப்டம்பர் எட்டாந்தேதி செய்வோம்" என்றார். அதுவரை மனசுக்கு அலட்டல் கூடாது என்றும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

வலது கண் எப்படிப் போனது என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன். உப்பு லோடு ஏற்றிய லாரி ஒன்று வேகமாகப் போனது, ரோட்டில் கிடந்த கண்ணாடித் துண்டு டயரில் பட்டுத் தெறித்து இவள் கண்ணில் ஏறிவிட்டது, டி.என்.டி என்று தொடங்கும் நம்பர் என்றேன். அக்கா பைக்குள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா "விபத்து" என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "பாத்து வால. லாரி வருது." வந்தது ஆட்டோ. எது வந்தாலும் லாரி என்றுதான் எப்போதும் என்னிடம் சொல்லுவாள். அவளுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

துருக் கறைக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசல் போட்டு, துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கக் கூடாது, எனாமலின் பளபளப்பு போய்விடும். நான்கு மணி நேரம் ஆனது. கிளிகளின் சிவப்பு மூக்கு இப்போதுதான் தெரிகிறது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் போன் செய்தார். புதிதாகத் தகடு சேர்க்க ஆரம்பித்திருக்கிறார். அவருடைய தகட்டில் வட்டமாக ஒரு இடம் பெயர்ந்திருக்கிறதாம், ஓரம் படிப்படியாக இருக்கிறதாம், என்ன என்று கேட்டார். "கல்லடிங்க, சந்தேகமே வேண்டாம்" என்றேன். புட்டி வைத்து அடைத்துவிடலாமா என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடைத்துப் பெயின்ட் அடித்தால் அது பழைய தகடு அல்ல, பழைய தகடு மாதிரி ஒன்று. சில்லு போனது போனதுதான், துருவை மட்டும் நிறுத்துங்கள், மெழுகு போடுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள் என்றேன். பஸ் டிப்போவில் பாடி செக்‌ஷனில் முப்பத்து மூன்று வருடம் இடித்த பஸ்ஸை இடிக்காத பஸ்ஸாக்கியவன் நான். நசுங்கிய இடம் தெரியாமல் அடைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தகட்டில் மட்டும் அதைச் செய்வதில்லை என்று ஒரு வைராக்கியம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

அக்காவுக்குச் சர்க்கரை 240. பாயசம் குடித்தாளாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்களாம், பழைய சமையல்காரம்மா என்று கூப்பிட்டுக் கொடுத்தார்களாம். போனிலேயே சண்டை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று தகட்டுக்கு வேலை ஒன்றும் செய்யவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

தெருப்பையன்கள் எல்லாருக்கும் இந்தத் தகடுதான் குறி. கல் பட்டால் டங் என்று ஒரு சத்தம் வரும், கோவில் மணி மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும். சுப்பையாக் கோனார் கம்பை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். அத்தனை பையன்கள் அடித்தும் எப்படியோ ஒரே ஒரு இடம்தான் பெயர்ந்திருக்கிறது. மற்றவர்கள் கையால் எறிந்தார்கள், அதில் வேகம் இருக்காது.

அப்புறம் நான் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. சாமான் வாங்க அக்காதான் போவாள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

பாடி புட்டி கால் கிலோ, ஹார்டனர் ஒரு டியூப் வாங்கினேன். சில்லு வழியாக ஈரம் இறங்கி இரும்பு கெட்டுவிடக் கூடாது.

ஆகஸ்ட் 26, சனி

மூன்று பூச்சு வைத்தேன். வாட்டர் பேப்பரால் இழைத்தேன், நானூறு, ஆயிரம், இரண்டாயிரம் நம்பர். மஞ்சள் சேர்மானம் ஏழாவது முறையில்தான் ஒத்துவந்தது. கொஞ்சம் பழுப்பு, ஒரு சொட்டுப் பச்சை. மேலே கிளியர் லேக்கர்.

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். புட்டி தடித்திருந்தால் காந்தத்தின் பிடி தளரும்; ஸ்பீக்கர் காந்தத்தை வைத்து இழுத்தேன், அது ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. என் சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பீர் மைதீன் பாய் கிளியைப் பார்க்க வந்தார். கொண்டுவந்த அன்று அவரும் தகட்டைப் புரட்டிப் பார்த்தவர்தானே, கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, நீங்களா புட்டி வச்சிய?"

"ஒண்ணே ஒண்ணுதான் பாய்."

"மிச்சம் பதினொண்ணயும் விட்டுட்டு?"

டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றேன். அவர் குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 30, புதன்

எழுதிவிடுகிறேன். அந்தச் சில்லு நான் அடித்தது.

1974, பங்குனி. மத்தியானம், கடை சாத்தியிருந்தது. எனக்குப் பதினொரு வயது. உண்டிவில்லில் கல்லை வைத்து நடுக் கிளிக்குக் குறி பார்த்தேன். அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். அவள் கடைத் திருப்பத்தில் வந்ததைப் பார்த்தேனா இல்லையா என்று இத்தனை வருடமாக யோசித்தும் எனக்கே தெளிவில்லை. டங் என்றது. கல் தகட்டில்தான் பட்டது, தகட்டிலிருந்து எனாமல் சில்லு பறந்தது. அக்கா கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் உண்டிவில்லைச் சாக்கடையில் போட்டுவிட்டு, லாரி போச்சு, லாரி போச்சு என்று கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் கண்ணாடி மாதிரி ஒன்றை எடுத்தார்கள். உடைந்த பாட்டில் டயரில் தெறித்திருக்கும் என்று அப்பாவே முடிவு செய்துகொண்டார். நான் ஆமாம் என்றேன்.

அக்கா ஒன்பதாவதோடு நின்றாள். எட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முப்பத்தொரு வயதில், மூத்த தாரத்துப் பையன் இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அவள் எதிர்பார்த்தது அதுவா என்று யாரும் கேட்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன் சொல்லிவிட வேண்டும். கண் போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு சொல்வது. ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி போகிறேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

கோவில்பட்டி போனேன். கதவு திறந்தே கிடந்தது. அக்கா அடுப்படியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாக்களை எல்லாம் வரிசையாக வைத்து ரப்பர் பேண்டு மாட்டியிருந்தாள். உப்புக்கு ஒன்று, சீனிக்கு இரண்டு, காப்பித்தூளுக்கு மூன்று.

"என்ன அக்கா இது?"

"எதுக்கும் பழகி வச்சுக்கிடுதேன். கெணத்தடிக்குப் பதினாலு எட்டு வைக்கணும். கக்கூசுக்கு இருவத்தொண்ணு. நேத்து ரெண்டு தடவ முட்டிக்கிட்டேன், இன்னைக்கு முட்டல." கண்ணைத் திறக்காமலே டம்ளரை என் பக்கம் நீட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை குக்கர் சத்தம் போட்டது. இரண்டாவது தடவை அவள் சர்க்கரை மாத்திரையைத் தேடினாள். மூன்றாவது தடவை ஒன்றும் குறுக்கே வரவில்லை. டாக்டரம்மா அலட்டல் கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. ஒழுகிய குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். "வேற ஒண்ணும் சொல்லணுமால?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சர்க்கரையைப் பார்த்துக்கொள் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, பஸ் கிளம்பும் வரை நின்றாள்.

செப்டம்பர் 7, வியாழன்

அட்மிஷன். சர்க்கரை 138. சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். கீழே சின்ன எழுத்தில், பார்வை திரும்புமென்று உத்தரவாதம் இல்லை என்று இருந்தது. உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

ஒன்பதே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அரை மணி நேரம் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. புரை கெட்டியாக இருந்ததால் நேரம் எடுத்தது, நாளைக் கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். அந்த நேரம் முழுக்க வராந்தாவில் இருந்த தீயணைப்பு வாளிகளின் பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோசமான வேலை.

செப்டம்பர் 9, சனி

கட்டுப் பிரித்தார்கள். டாக்டரம்மா விரலைக் காட்டினார். அக்கா விரலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"என்னல, இப்படி நரச்சுப் போயிட்ட?"

செண்பகம் அழுதாள். நான் மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு மருந்து வாங்கினேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

அக்கா எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு மாதம் குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரண்டு மணிக்கொருமுறை சொட்டு மருந்து. போடுவது என் வேலை. நிதானமாக ஒரு சொட்டு விட என் கைதான் சரி என்கிறாள்.

செப்டம்பர் 13, புதன்

அக்கா வீட்டில் இருக்கிற எழுத்தையெல்லாம் வாசிக்கிறாள். காலண்டர், மசாலாப் பாக்கெட், என் பென்ஷன் புத்தகம். வீட்டில் எவ்வளவு தூசி என்று அவளுக்கு இப்போதுதான் தெரிகிறதாம். செண்பகம் முகம் சரியில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

நேரம் ஆகிறது, ஆனாலும் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

காலையில் அக்கா, "ஒன் இரும்புக் கடையப் பாக்கணும்" என்றாள். கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி வந்தாள். ஒவ்வொரு தகடாக நின்று வாசித்தாள். தலைவலித் தைலம், சைக்கிள் டயர், மை, பிஸ்கட். "இத்தன வருசம் இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா, நல்லாத்தாம்ல இருக்கு" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூலையில் துணி போட்டு மூடியிருந்த ஒன்றை அவளாகவே விலக்கினாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். "சுப்பையாக் கோனார் கடைது."

ஆமாம் என்றேன். அவள் கிட்டப் போனாள். ஆட்காட்டி விரலை நீட்டி, நடுக் கிளியின் வாலருகே, நேராக அந்த இடத்தில் வைத்தாள். காந்தமே தடுமாறாத இடம்.

"இங்க ஒரு சில்லு போயிருக்குமே. எங்க?"

"தொட்டிமேல கெடந்துச்சு அக்கா, அதான்…"

"தொட்டிமேல கெடந்தா மொளச்சிருமால?"

அவள் விலக்கிய துணியை எடுத்து மடித்தேன்.

"அடச்சியா?"

"ஆமா."

"மத்ததெல்லாம் அப்படியே இருக்கு."

"ஆமா."

ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "கண்ணுல இருந்து எடுத்தத நர்சம்மா ஒரு கிண்ணத்துல வச்சுக் காட்டுனா. கடுகு அளவுதான். ஒரு பக்கம் மஞ்ச, மறுபக்கம் கருப்பு. எந்தப் பாட்டிலுல மஞ்சளும் கருப்பும் இருக்கு? அம்மா அத எனக்குச் சுத்தி அடுப்புல போட்டா. பெறவு பதினேழு வருசம் அந்தக் கடையில சீனி வாங்குனவ நான். நீ அந்தப் பக்கமே வரமாட்ட. கிளிக்கு வாலுகிட்ட எங்க போயிருக்குன்னு எனக்குத் தெரியாதால? சத்தம் வேற கேட்டுச்சு. சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்."

"அப்பவே ஏன் சொல்லல அக்கா?"

"அப்பா ஒன்னயத் தோல உரிச்சிருப்பாவ. நீ நோஞ்சான் வேற. சரி, பெரியவனானா சொல்லுவான்னு இருந்தேன். அப்பா போயி இருவத்திரண்டு வருசமாச்சு. அதுக்குப் பெறவு யாருக்குல பயந்த?"

மடித்த துணியை விரித்து மறுபடியும் மடித்தேன்.

"மொதல்ல வெறும் லாரி. சங்கரன்கோயில்காரங்க பொண்ணு பாக்க வந்தப்ப உப்பு லோடு ஏத்துன. கல்யாணத்தப்ப ஒங்க அத்தான்கிட்ட நம்பரு சொன்ன. அன்னைக்கு டாக்டர்கிட்டயும் சொன்ன. ஒவ்வொரு தடவ நீ சொல்லும்போதும் இப்பச் சொல்லிருவான், இப்பச் சொல்லிருவான்னு நான் கீழ குனிஞ்சுக்கிட்டு இருக்கேன். நீ லோடு ஏத்திக்கிட்டே இருக்க."

மன்னித்துவிடு என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "மருந்து நேரம்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள். நான் கையைக் கழுவிக்கொண்டு போனபோது, செண்பகத்தைக் கூப்பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை. மருந்து செண்பகம்தான் போட்டாள், ஆறு தடவையும்.

செப்டம்பர் 19, செவ்வாய்

செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "இதுக்காகவா அந்தத் தகரமெல்லாம்?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

மருந்து செண்பகம்.

செப்டம்பர் 21, வியாழன்

மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏல நயினாரு, வந்து போடு. அவ ஊத்துனா காதுக்குப் போவுது."

போட்டேன். ஒரு சொட்டு. கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "அந்தத் தகடு எனக்கு வேணும். வீட்டுல மாட்டணும். ஆனா நீ அடச்சத எடுத்துரு."

"அக்கா, அந்த மாதிரி வேலை இனிமே வராது."

"எடுத்துருல."

செப்டம்பர் 24, ஞாயிறு

புட்டியை எடுத்தேன். ஓரத்து எனாமல் பெயராமல் எடுக்க வேண்டும், அதனால் மூங்கில் குச்சியைச் சீவி, தின்னரில் ஊறவைத்து, கடுகு கடுகாகப் பெயர்த்தேன். வைக்க ஐந்து நாள், எடுக்க ஒரு நாள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை, "அங்கன இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள். இருந்தது. என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.

இரும்பு தெரிந்ததும் எண்ணெய் தொட்டுத் துடைத்து மெழுகு போட்டேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

கோவில்பட்டி. அக்கா முந்தாநாளே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவள் வீட்டு முன்னறைச் சுவரில், அவள் நாற்காலிக்கு எதிரே மாட்டினேன். பித்தளைத் திருகு நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஃபைபர் வாஷர். கையால் திருகினேன், இறுக்கவில்லை. டப்பாக்களில் இருந்த ரப்பர் பேண்டுகளை அக்கா கழற்றி ஒரு டம்ளரில் போட்டு வைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு மாடத்தி அம்மாள் பார்க்க வந்தார். கண்ணைப் பற்றி விசாரித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். "நல்லாருக்கே வடிவக்கா. கிளி வாலுல மட்டும் என்ன இப்படிப் பேந்துருக்கு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மடியில் இருந்த முந்தானையைச் சரிசெய்தாள். டாக்டரம்மா முன்னால் பைக்குள் கைக்குட்டையைத் தேடியதும் இப்படித்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

"நான் அடிச்சது" என்றேன். "சின்ன வயசுல, உண்டிவில்லால. அதுல தெறிச்சுத்தான் அக்காவுக்குக் கண்ணு போச்சு."

"லாரின்னுல்லா சொன்னாவ?" என்றார் மாடத்தி அம்மாள்.

"லாரி இல்ல."

அக்கா எழுந்தாள். "காப்பி போடுதேன். ஒனக்குச் சீனி ரெண்டு கரண்டிதானல?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இதைத் திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். ஆகஸ்ட் 7ஆம் தேதிப் பக்கத்தைப் பிரித்து, 'காரணம்: தெரியவில்லை' என்று இருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கல்லடி. அடித்தது நான்' என்று எழுதினேன். பஸ் ஆடியதில் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.